நீ வேண்டாமென்று வைத்த நீல அட்டைப் புத்தகம்

அந்தப் புத்தகம் இப்போது என் சாப்பாட்டு மேஜைமேல் கிடக்கிறது. நீல அட்டை, நடுவில் யாரோ டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. காலையில் அந்தக் கறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தரியாகஞ்ச் நடைபாதையில் நீ கையில் எடுத்து, இரண்டு தாள் புரட்டி, உதட்டைப் பிதுக்கி, வேண்டாம் என்று திருப்பி வைத்தாயே, அதே புத்தகம். இத்தனை வருஷம் யார் வீட்டு அலமாரியில் இருந்ததோ, மறுபடி அதே நடைபாதைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பாச்சை உருண்டை வாசனை. நீ இருந்தால் முதலில் மூக்கில்தான் வைத்துப் பார்த்திருப்பாய். நானும் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும், எனக்கென்ன.

உன்னைப் பற்றி யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். டெல்லியில் சர்க்கார் ஆபீஸில் ஸ்டெனோ, திருநெல்வேலிக்காரி, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு அறைக்குள் புருஷன், மகள், கட்டிலுக்கடியில் இரண்டு இரும்பு டிரங்க் பெட்டி நிறைய கோல்ஃப் புத்தகம். ஆடத் தெரியுமா என்று கேட்பார்கள். எங்கே! மட்டையைக் கையால் தொட்டதில்லை. மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. அப்போது நானும் உன் பக்கத்துப் பிளாக்கில்தான் இருந்தேன். ஐ.டி.ஓ.வில் நம் ஆபீசுக்குப் போகும் சார்ட்டர்ட் பஸ் அந்த கோல்ஃப் மைதானத்து மதிலை ஒட்டிப் போகும்போது மட்டும் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாய். பழைய கல்லறை மண்டபங்கள், நடுவே புல், இரண்டு மயில், தொப்பி போட்ட யாரோ ஒருவர். "பாத்தியாட்டி, தோளை எப்பிடித் திருப்புதான்!" என்று என் விலாவில் இடிப்பாய். எனக்கு மயில் மட்டும்தான் தெரியும்.

இந்தப் பைத்தியம் பிடித்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. டிபார்ட்மென்ட் பரீட்சைக்கு ஷார்ட்ஹேண்ட் புத்தகம் தேடி தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தைக்குப் போனோம். நான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், உன்னை ஆளையே காணோம். பார்த்தால் நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பழைய கோல்ஃப் புத்தகத்துப் படத்தையே வெறித்துக்கொண்டிருக்கிறாய். கணுக்கால் வரைக்கும் பாவாடை, தலையில் கூடை மாதிரித் தொப்பி, மட்டையைத் தோளுக்குப் பின்னால் ஓங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி. "என்னமா நிக்கா பாரு. நம்ம ஆபீசுல ஒருத்தியாவது இப்பிடி நிமுந்து நிப்பாளா?" என்றாய். ஷார்ட்ஹேண்ட் புத்தகத்துக்கு வைத்திருந்த பணம் அந்த வெள்ளைக்காரிக்குப் போனது.

அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. நீ சேர்த்தது பழைய புத்தகம் மட்டுமா, சட்டதிட்டமும்தான். படப் பட்டியலில் உள்ள படமெல்லாம் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வெங்காயத் தோல்போல ஒரு மெல்லிய தாள் இருக்கும், அது கிழிந்திருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் அச்சாக இருக்க வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தலைப்பைக்கூடப் பார்க்காமல், எத்தனையாவது அச்சு என்று போட்டிருக்கும் முதல் தாளின் பின்புறத்தைத்தான் பார்ப்பாய். பிறகு அச்சிட்டது என்றால் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொள்வாய். உன் வீட்டுக்காரர் என்னிடம் முறையிடுவார்: "மத்தவ பெட்டியில பட்டுச்சேலை இருக்கும். இவ பெட்டியத் தொறந்தா வேப்பிலையும் வெள்ளைக்காரனும்லா இருக்கு. நீங்களாவது சொல்லுங்கம்மா." நான் சொல்லி நீ கேட்டுவிட்டாலும்!

அந்த டிரங்குக்குள் எத்தனையோ இருந்தாலும் நமக்குச் சொந்தம் என்று இருந்தது ஒன்றுதான். பழைய காலத்தில் ஸ்காட்லாந்துப் பெண்கள் ஆடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் புத்தகம். முதல் அச்சு, படமெல்லாம் சரியாக இருக்கிறது, மெல்லிய தாள்கூடக் கசங்கவில்லை. கடைசித் தாள் மட்டும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, எலுமிச்சம்பழச் சாதத்தை வாயில் போட்டுக்கொண்டே நீ எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாய். கடைசி ஆட்டத்தில் இரண்டு பேர். ஒருத்திக்கு நீ தொப்பிக்காரி என்று பெயர் வைத்தாய், இன்னொருத்திக்கு நெட்டைச்சி. நீ தொப்பிக்காரி கட்சி. காலையிலிருந்து மழை, காற்று, இரண்டு பேரும் மாறி மாறி முந்துகிறார்கள். கடைசிக் குழி. நெட்டைச்சி முடித்துவிட்டாள். தொப்பிக்காரி குனிந்து, பந்தை மெல்லத் தட்டுகிறாள். விழுந்தால் சமம், விழாவிட்டால் ஆட்டம் போச்சு. பந்து உருண்டது என்பதோடு பக்கம் முடிகிறது.

"எவனோ பகோடா கட்டிக் குடுத்திருப்பான், சவத்துப்பய" என்று அந்தத் தாளைக் கிழித்தவனை நீ திட்டாத நாள் கிடையாது. பந்து விழுந்ததா இல்லையா என்று நாம் வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். ஆபீஸில் இன்கிரிமென்ட் வராததற்குக்கூட அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

அப்புறம்தான் இந்த நீல அட்டை வந்தது. கடைக்காரர் உனக்காகவே எடுத்து வைத்திருந்தார். "ஆயியே மேடம்ஜி, ஆப்கி கோல்ஃப்வாலி கிதாப்" என்று நீட்டினார். அதே புத்தகம், கடைசித் தாளோடு! நீ என்ன செய்தாய்? முதல் தாளின் பின்புறத்தைப் பார்த்தாய். "பின்னால போட்ட அச்சு. வேண்டாம்" என்றாய்.

"அடிப் பாவி, வாங்க வேண்டாம், கடைசிப் பக்கத்தை மட்டும் பாருடி" என்று நான் கத்தினேன்.

"மாட்டேன். அசல்லதான் படிக்கணும். அது எனக்குன்னு வராமலா போவும்?"

"அப்போ நான் பார்க்கிறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

வெடுக்கென்று பிடுங்கிவிட்டாய். "ஏட்டி, நீ பாத்தா உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும். எனக்குத் தெரிஞ்சு போவும்."

அடுத்த வாரம் போனபோது அந்தப் புத்தகம் விற்றுப்போயிருந்தது. நீ தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாய்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி வார்டில், உன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டு நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். எல்லாம் சரியாகிவிடும் என்றேன். நீ சுளையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "ஏட்டி, அந்த நீலப் புக்கையே எப்பிடியாவது எடுத்துட்டு வந்துரு. இனிமே எந்த அச்சா இருந்தா என்ன."

நீ அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. எந்த அச்சா இருந்தா என்னவாம்! நீயா சொல்கிறாய்!

ஓடினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தரியாகஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்து குனிந்து தேடினேன். கடைக்காரரிடம் யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டால், "அப் க்யா யாத், மேடம்" என்று, ஞாபகமில்லாமல் கையை விரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லைப்ரரிகளில் கேட்டேன், இல்லை. அந்த கோல்ஃப் கிளப்புக்கே போய்விட்டேன். மெம்பராக இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார் வாசலில் நின்றவர். அவரிடம் நான் என்னவென்று சொல்வேன்? என் சிநேகிதி சாகக் கிடக்கிறாள், ஒரு பந்து விழுந்ததா என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றா?

கடைசியில் நம் செக்ஷனில் முன்பு இருந்து ரிட்டயரான ஆபீசர் ஒருவர் வாலிபத்தில் கோல்ஃப் ஆடியவர் என்று தெரிந்து அவர் வீட்டுக்குப் போனேன். பாவம், உட்காரவைத்து டீ கொடுத்தார். அந்தப் புத்தகத்தைச் சின்ன வயதில் படித்ததாகச் சொன்னார். நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்தார். "தோத்துட்டான்னு நெனைக்கிறேம்மா. ஆமா, தோத்துட்டாதான். எப்படீங்கறது சுத்தமா ஞாபகம் இல்லை" என்றார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முகத்தைக் குழாயடியில் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைந்தேன். என்ன கழுவி என்ன பிரயோசனம்.

"யாரோ சொல்லிட்டாங்க. தோத்துட்டா, என்னா?" என்றாய்.

நான் தலையாட்டினேன்.

"எப்பிடித் தோத்தா?"

"தெரியலைடி."

"நல்லா ஆடித்தான தோத்தா? தப்பா ஒண்ணும் அடிக்கலைல்லா?"

"தெரியலைடி."

"அது தெரியாம என்னத்தத் தெரிஞ்சிக்கிட்டு வந்த, மூதி" என்று சிரித்தாய். சிரித்ததும் வலித்தது, கண்ணை மூடிக்கொண்டாய். மூடியபடியே, "ஞாயித்துக்கிழமை இன்னொருக்கா போய்ப் பாரு" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெல்லியில் அப்படி ஒரு மழை, பருவமில்லாத மழை. தரியாகஞ்சில் ஒருவரும் கடை விரிக்கவில்லை. பூட்டிய ஷட்டர்களுக்கு முன்னால் நடைபாதை பளபளவென்று கிடந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கியிருந்த ஒருவர், "ஆஜ் குச் நஹி மிலேகா, பஹன்ஜி. கர் ஜாயியே" என்றார். இன்றைக்கு ஒன்றும் கிடைக்காது, வீட்டுக்குப் போங்கள் என்று. நான் போகவில்லை. நின்றேன். மழை விட்டுவிடும், மூட்டையை அவிழ்ப்பார்கள், அந்த நீல அட்டை வெளியே வரும் என்று நனைந்துகொண்டே நின்றேன். மழையைப் பார்த்து அசிங்கமாகத் திட்டினேன். அதற்கு என் பாஷை புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நீ இல்லை.

உன் வீட்டுக்காரர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மகளோடு திருநெல்வேலிக்குப் போனார். டிரங்க் பெட்டிகளையும் ரயிலேற்றினார், விற்க மனசு வரவில்லை என்றார். ஸ்டேஷனில் உன் கடைசித் தாள் இல்லாத புத்தகத்தை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். "இது உங்க ரெண்டு பேருக்கும் உள்ளதும்மா" என்றார். உன் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஆன்ட்டி, அம்மா இஸ்மே க்யா தேக்தி தீ?" என்று கேட்டாள். அம்மா இதில் என்னதான் பார்த்தாள் என்று.

இப்போது நான் ஜனக்புரியில் இருக்கிறேன். மெட்ரோ வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் இந்த வயதில் தரியாகஞ்சில் என்ன வேலை என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். எனக்கு கோல்ஃபும் தெரியாது, புத்தகம் சேர்க்கும் ஆசையும் கிடையாது. ஆனால் இன்றைக்கும் எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும், பேரனின் பள்ளிக்கூடப் புத்தகமாக இருந்தாலும்கூட, முதல் தாளின் பின்புறத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது, போகமாட்டேன் என்கிறது.

நீல அட்டையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து உன் புத்தகத்தில் ஒட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. செய்யமாட்டேன், பயப்படாதே. வேறு அச்சுத் தாளை ஒட்டினால் நீ அங்கிருந்தே வந்து அறைவாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உன்னுடையதில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, இதில் அடுத்த பக்கத்தைப் படித்தேன். வாய்விட்டுத்தான் படித்தேன்.

பந்து உருண்டதாம். நேராகக் குழிக்குத்தான் போனதாம். குழியின் விளிம்புவரை போய், பாதி உள்ளே பாதி வெளியே, அப்படியே நின்றுவிட்டதாம். தானாக விழுந்தால்தான் கணக்கு, யாரும் தொடக்கூடாது. மட்டையால் தரையைத் தட்டக்கூடாது. வாயால் ஊதவும் கூடாது. தொப்பிக்காரி பக்கத்தில் நின்றாள், நெட்டைச்சியும் வந்து அவளோடு நின்றாள். காற்று வந்தது. புல் அசைந்தது, பந்து அசையவில்லை. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை, ஒருவரும் வீட்டுக்கும் போகவில்லை என்று எழுதியிருக்கிறது. நாங்கள் உன் கட்டிலைச் சுற்றி நின்றதும் அப்படித்தான்டி. கடைசியில் தொப்பிக்காரி தானே குனிந்து, அந்தப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள். எடுத்தால் தோல்விதான், அதோடு ஆட்டம் முடிந்தது.

தப்பாக ஒன்றும் அடிக்கவில்லை. நல்லா ஆடித்தான் தோத்தாடி. இதை நான் இப்போது யாரிடம் போய்ச் சொல்ல?