அப்பா எழுதிய பிறந்த தேதி

சிறப்பு இல்லம்,
22.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பாலா எழுதுகிறேன். இங்கு நலம். நீங்கள், அம்மா, பிரியா எல்லாரும் சுகம்தானே? போன வாரம் எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. அம்மாவிடம் விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை கஷாயத்தைப் பாட்டிலில் எடுத்துவந்து கேட்டில் சண்டை போடுவாள்.

போனில் ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். கடிதங்களையும் ஆபீஸில் படித்துவிட்டுத்தான் ஒட்டி அனுப்புவார்கள். தையல் சொல்லித்தரும் ஜெயராமன் மாஸ்டர் இதை வெளியில் தபாலில் போட ஒப்புக்கொண்டார். பதிலை அவர் வீட்டு முகவரிக்கே போடுங்கள்.

நேற்று பேப்பரில் பார்த்தேன். பிரவின்குமாருக்கு ஏழு வருஷம். பதினெட்டு வயது நிறைந்தவன், தன்னைவிட இளைய சிறுவனைத் தூண்டி அழைத்துப்போனான், ஆகவே கருணை காட்ட முடியாது என்று தீர்ப்பில் இருக்கிறதாம். அந்த இளைய சிறுவன் நான். எனக்கு இந்தச் சிறார் இல்லத்தில் மூன்றே வருஷம். அதிலும் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

அப்பா, 2023 ஏப்ரலில் அன்றைக்குப் பண்ருட்டி ரோட்டில் அவன் வண்டியைத்தான் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்து கஸ்தூரியம்மாளின் செயினைப் பிடித்து இழுத்தவன் நான். அவன் வேண்டாம் என்றான். "பயமா இருந்தா இறங்கிக்கோடா, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றேன். அதனால் வந்தான். முந்திரிக் கம்பெனி வேலை முடிந்து நடந்து போய்க்கொண்டிருந்த அந்த அம்மா கீழே விழுந்தார். தலையில் அடிபட்டு மூன்றாம் நாள் இறந்துபோனார். இதைப் போலீஸிலும் சொன்னேன், சிறார் வாரியத்திலும் சொன்னேன். சின்னப் பையன், சிநேகிதனைக் காப்பாற்றப் பேசுகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் சின்னப் பையன் இல்லை. சர்டிபிகேட்டில் 2005 செப்டம்பர் 5 என்று இருக்கிறது. நான் பிறந்தது 2004 நவம்பர் 9. அம்மா வருஷா வருஷம் ஐப்பசியில்தானே பாயசம் வைக்கிறாள்? பிரவின் பிறந்தது 2005 மார்ச்சில். அன்றைக்கு அவனுக்கு மட்டுமில்லை, எனக்கும் பதினெட்டு முடிந்திருந்தது.

அவன் அப்பீல் போடுகிறானாம். நீங்கள் அவன் வக்கீலிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் அப்பா.

அன்பு மகன்,
பாலகுமார்


நெய்வேலி,
1.7.2025

என் செல்ல மகன் பாலாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. எல்லாரும் சௌக்கியம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நல்லவேளை, முதல் ஷிப்ட் முடிந்து வந்து நானே தபால்காரரிடம் வாங்கினேன். கஷாயப் பகுதியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதற்கே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிரியா நர்சிங் படிப்பில் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டுவிட்டு, கேள்வித்தாள் சரியில்லை என்கிறாள். உன் தங்கை வேறு எப்படி இருப்பாள்?

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தேதியை எழுதியது நான்தான். என் அப்பா என்னைச் சீக்கிரம் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு வயதைக் கூட்டிச் சொன்னார். அதனால் வருகிற ஜனவரியில் எனக்கு ரிட்டயர்மென்ட். உண்மையில் இன்னும் ஒரு வருஷம் நான் மைன்ஸில் வேலை பார்க்க வேண்டியவன். அந்த நஷ்டம் என் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். நீ பிறந்தது திசையன்விளையில் உன் ஆச்சி வீட்டில். மழையில் பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. பிறப்பையும் யாரும் பதியவில்லை. ஸ்கூலில் சேர்க்கும்போது நானே சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பத்து மாதத்தைக் குறைத்தேன். என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் செய்ததுதான் இது. எல்லாரும் ரிட்டயர் ஆகும் வயதை நினைத்துச் செய்தோம். கோர்ட்டை யார் நினைத்தார்கள்?

உன்னிடம் மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். நாலு நாளைக்கு முன் பிரவினின் அம்மா திலகவதி நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மந்தாரக்குப்பத்தில் இட்லிக் கடையை மூடிவிட்டு நேரே வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எம்புள்ள பெரியவன் சார். உங்க சின்னப் புள்ளைய இஸ்துகினு போயி கெடுத்துட்டான். ஜட்ஜய்யாவே சொல்லிட்டாருங்க. உங்க வூட்டம்மா மூஞ்சில முழிக்க எனக்குத் தெகிரியம் இல்ல. நீங்க மன்னிச்சிடுங்க" என்று கையைக் கூப்பினார். நான் "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அதைச் சொல்லிவிட்டு எப்படி உள்ளே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் பாலா, நான் போகமாட்டேன். இன்னும் ஒன்றரை வருஷத்தில் நீ வெளியில் வருவாய். சிறார் வழக்கு என்பதால் வேலைக்கு அது குறுக்கே வராது என்று வக்கீல் பரமசிவம் சொல்கிறார். அப்ரண்டிஸுக்கு அப்ளிகேஷன் போடலாம். நீ பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
சண்முகசுந்தரம்


சிறப்பு இல்லம்,
14.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிரவின் அம்மா வந்த இடத்தை மட்டும் ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை.

அவரை மன்னித்து அனுப்பிவிட்டீர்களா அப்பா? எதற்கு?

பிளஸ் டூ படிக்கும்போது நான் பாதி நாள் காலைச் சாப்பாட்டை அந்தக் கடையில்தான் சாப்பிட்டேன். பிரவின் தட்டில் வைப்பதற்கு முன் எனக்கு வைப்பார். "நீ குவார்ட்டர்ஸ் புள்ள, பசி தாங்கமாட்டே" என்று கிண்டல் செய்வார். அவர் மகனைத்தான் நான் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி வண்டியில் ஏற்றினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இங்கே கவுன்சிலிங் மேடம் கேட்கிறார். எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை மேடம், சும்மா ஒரு கெத்துக்கு என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்தம்மா கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. அது ரோட்டில் உருண்டு போன சத்தம் இப்போதும் தையல் கூடத்தில் ஏதாவது விழுந்தால் கேட்கிறது.

இங்கே என்னைத் தம்பி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டு தருகிறார்கள். அவன் கொலை செய்தவர்களோடு கடலூர் ஜெயிலில் படுத்திருக்கிறான். இருபது வயதுதான் அப்பா அவனுக்கும். அப்ரண்டிஸ் அப்ளிகேஷனில் பிறந்த தேதி என்ற கட்டத்தில் நான் எதை எழுதுவது?

பாலகுமார்


நெய்வேலி,
23.7.2025

பாலாவுக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய். எழுது. உன்னை அடித்து வளர்க்கவில்லை, அதனால் நான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வக்கீல் பரமசிவத்திடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். கோர்ட் முதலில் ஸ்கூல் சர்டிபிகேட்டைத்தான் நம்பும், ஆனால் பெற்ற தகப்பனே பொய் என்று சத்தியம் செய்தால் தோண்டிப் பார்ப்பார்கள் என்றார். தோண்டினால் உன் வழக்கு முதலிலிருந்து ஆரம்பமாகலாமாம். செயினை இழுத்தவன் நீ என்று நீயே சொல்லிவைத்திருக்கிறாய். அவனுக்கு ஏழு என்றால் உனக்கு எத்தனை? கணக்குப் போடத் தெரியாதவனா நீ?

பெற்றவன் எவனாவது தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெரிய ஜெயிலில் விட்டுவிட்டு வருவானா? திலகவதியம்மாவுக்கு நான் செய்தது பாவம்தான். அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன். நீ சுமக்க வேண்டாம். இதைப் பற்றி இனி எழுதாதே.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

அப்பா


சிறப்பு இல்லம்,
4.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியதற்கு மன்னித்துவிடுங்கள். அம்மா கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே இறங்கியிருந்தால் முறுக்கைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அப்படியே மூன்று வருஷமும் முடிந்துபோகும்.

இந்தக் கடிதத்தை ஜெயராமன் மாஸ்டரிடம் கொடுக்கவில்லை. ஆபீஸிலேயே, ஒட்டாமல் கொடுக்கப் போகிறேன். படிக்கிறவர்களுக்காகத் தெளிவாக எழுதுகிறேன். நான் பிறந்தது 9.11.2004. குற்றம் நடந்த அன்று எனக்குப் பதினெட்டு வயது ஐந்து மாதம். பிரவின்குமார் என்னைவிட நாலு மாதம் இளையவன். அவனைக் கூட்டிப்போனது நான்.

அப்பா, நீங்கள் எனக்காகத்தான் செய்தீர்கள் என்று தெரியும். உங்கள்மேல் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. பெரிய ஜெயில் எப்படி இருக்கும் என்று இங்கே பையன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மா, அழாதே. பிரியாவை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

உங்கள் மகன்,
பாலகுமார்


நெய்வேலி,
13.8.2025

என் அன்பு மகன் பாலாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உறையில் ஆபீஸ் முத்திரையைப் பார்த்ததும் எனக்குப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. அம்மாதான் வாங்கிப் பிரித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

போலீஸ் வரும் என்று இரண்டு நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஷிப்டுக்குப் போகவில்லை. ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமை ஜெயராமன் மாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் விசாரித்துச் சொன்னார். கடிதம் படிக்கிறவர் அந்த வாரம் லீவாம். வந்ததையெல்லாம் மொத்தமாக முத்திரை குத்தி ஒட்டி அனுப்பிவிட்டார்களாம். உன் கடிதத்தை யாருமே படிக்கவில்லை.

கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை பாலா, அந்த நிமிஷம் சாமிக்குத் தேங்காய் உடைக்கக்கூடத் தோன்றியது. சமையல்கட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் "தப்பிச்சோம் விஜயா" என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "யாரு தப்பிச்சா?" என்று கேட்டாள். உன் பழைய கடிதங்களையும் அவள் பீரோவைத் திறந்து எப்போதோ படித்திருக்கிறாள். நான் ஒருவன்தான் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"பயமா இருந்தும் அவன் உண்மைய எழுதிட்டான். நீங்க அந்த வக்கீல்கிட்ட போயிட்டு வாங்க. எனக்குக் கூட வர்றதுக்குக் கால் எழும்பாது" என்றாள். அப்புறம் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று கடலூர் போனேன். பஸ்ஸில் வடலூர் வந்ததும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். கண்டக்டர் "கடலூருக்குத்தான சார் டிக்கெட் வாங்குனீங்க?" என்றார். உட்கார்ந்துவிட்டேன். பிரவினின் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன். அப்பீலில் இதைத் தாக்கல் செய்வாராம். அவனுக்கு எவ்வளவு குறையும், உனக்கு என்ன ஆகும் என்று உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. பொய்ச் சத்தியம் செய்ததற்கு என்மேலும் நடவடிக்கை வரலாமாம். வந்தால் வரட்டும். உன்னை எங்கே மாற்றினாலும் மனு போட்டு வந்து பார்ப்பேன். நீ இறங்கி வராவிட்டாலும் வருவேன்.

அந்தத் தேதியை எழுதியதற்காக வருத்தப்படுகிறேன். அன்றைக்கே நீ போலீஸில் உண்மையைச் சொன்னபோது பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதற்காக இன்னும் அதிகம் வருத்தப்படுகிறேன்.

வெளியே வந்தபோது திலகவதியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் சொல்லட்டும் என்று நழுவியிருக்கலாம். நானே பக்கத்தில் நின்று சொன்னேன். செயினை இழுத்தது யார், தேதியை மாற்றியது யார், எல்லாம் சொன்னேன். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ எம்புள்ளதான் சின்னவனா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சண்முகசுந்தரம்