நல்ல வயலுக்குப் படமில்லை

மல்லாவி,
27.01.2025, திங்கட்கிழமை.

அன்புத் தம்பி செந்தூரனுக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா, நாங்கள் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அந்த முறை எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு எனக்கு நல்ல கோபம், அதனால் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வசனம் முடிக்க முதல் நீ மூன்று வசனம் பேசிவிடுகிறாய். அதோடு எங்களுக்கு இன்னமும் குளக்கட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். கத்திக் கத்திப் பேசினால் குளிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் நம் வீட்டுக் கதை தெரிந்துவிடும். நாத்தனார் கௌசலா வெள்ளிக்கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இருந்து ஆறுதலாக வாசி.

விசயம் உன் செயலிதான். நெல்லின் நோயைப் படம் பார்த்துச் சொல்லும் என்று மூன்று வருசம் மெனக்கெட்டுச் செய்து அனுப்பினாயே, அது இங்கே என்னை ஊரில் தலைகாட்ட முடியாமல் பண்ணிக்கொண்டிருக்கிறது.

கார்த்திகையில் நீ அனுப்பியபோது கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தவள் நான். பயிரைப் படம் எடுங்கள், என்ன நோய் என்று போனே சொல்லும், விவசாயப் போதனாசிரியர் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்கத் தேவையில்லை என்றேன். என் தம்பி செய்தது என்று இரண்டு தரம் சொன்னேன். முப்பத்தாறு பேர் தங்கள் போனில் ஏற்றினார்கள். மார்கழி முடியும்வரை ஒரு குறையும் இல்லை. நல்ல பயிரை நல்லது என்றது, இலையில் புள்ளி விழுந்திருந்தால் அதையும் பிடித்துச் சொன்னது. தலைவர் கனகலிங்கம் ஐயா கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்.

தை பிறந்து கதிர் வெளியில் வந்ததும் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்த வயலைக் காட்டினாலும் ஒரே பதில்: கழுத்து எரிபந்தம், உறுதி தொண்ணூற்றிரண்டு வீதம். எங்கள் வயலுக்கு அப்படி. பக்கத்து வயல் மீனம்மா அக்காவுக்கும் அப்படி. அவ போனை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் மலைநாட்டுத் தமிழில், "ஏம்மா, இதுக்குக் கண்ணு சரியில்லையா?" என்று கேட்டுச் சிரித்தா. அவவுக்குச் சிரிப்பு. எல்லோரும் சிரிக்கவில்லை.

நாலாம் வாய்க்கால் வீரகத்தி அண்ணையை உனக்கு நினைவிருக்கும். இரண்டு வருசத்துக்கு முன், கதிரின் கழுத்தைக் கருக்கிவிடுகிற இந்த எரிபந்தம் வந்து அவருடைய மூன்று ஏக்கரும் வெள்ளையாய்ப் போனது. அந்தப் பயம் இன்னும் அவருக்குள் இருக்கிறது. போன் எரிபந்தம் என்றதும் மனுசன் யாரையும் கேட்கவில்லை. வயலின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி, நடு வெயிலில், பூ விரிந்து நிற்கிற நேரத்தில் மருந்து அடித்தார். அடுத்தடுத்து இரண்டு நாள், மருந்து தீரும்வரை. ஒரு நோயும் இல்லாத பயிருக்கு. பூ கருகி இப்போது அந்தக் கீழ் ஏக்கர் முழுக்கச் சப்பி, மணி பிடிக்காத வெறும் உமி. கதிர் பாரமில்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. தூரத்தில் இருந்து பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நேற்றுக் காலை வாசல் படலையடியில் வந்து நின்றார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. குடிக்காமல், உட்காரப் போட்ட கதிரையில் வைத்துவிட்டு, "தங்கச்சி, உன்ரை தம்பி குளிருக்குள்ளை இருந்துகொண்டு என்ரை வயலுக்கு வைத்தியம் பாக்கிறாரோ? வாற ஞாயிறு கூட்டத்திலை எல்லாற்றை போனிலையும் இருந்து அதை அழிக்கச் சொல்லப்போறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கனகலிங்கம் ஐயாவும் தலையாட்டிவிட்டாராம். கைதட்டச் சொன்ன அதே ஐயா.

ஒருதரம் அழித்தால் திரும்ப ஒருவரும் ஏற்றமாட்டார்கள், எழுதி வைத்துக்கொள். அடுத்த போகத்தில் உண்மையாகவே நோய் வந்தாலும் தொடமாட்டார்கள். உன் மூன்று வருசம் அதோடு சரி.

இதையெல்லாம் நேற்றுப் பின்னேரம் குளக்கட்டில் நின்று உனக்குச் சொன்னால், நீ என்ன சொன்னாய்? "அக்கா, மெசினுக்கு நெல் எண்டால் என்னெண்டே தெரியாது. நிறமும் புள்ளியும் கோடும்தான் தெரியும். நீங்கள் பேர் போட்டுக் காட்டின படங்களைப் பாத்து, எது எதோடை சேருது எண்டு தானாப் பழகினது. காட்டினது பிழையெண்டால் பழகினதும் பிழை" என்றாய். அதாவது பிழை என்னில்.

தம்பி, போன பெரும்போகம் முழுக்க நான் துணுக்காயில் இருந்து இங்கே வரை ஒவ்வொரு வரம்பாக நடந்தேன். இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். இரண்டு சோடிச் செருப்பைச் சேறு தின்றது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நோயின் பெயரைத் தட்டித் தட்டி என் பெருவிரல் மரத்தது. உன் அத்தான் பாலன், எனக்குச் சமைத்துத் தந்துவிட்டு, சம்பளமில்லாத உத்தியோகம் என்று பகிடி பண்ணினார். நீ கதிரையில் இருந்துகொண்டு பிழை என்கிறாய்.

இன்னொன்றும் உள்ளுக்குள் கிடந்து குத்துகிறது, சொல்லிவிடுகிறேன். போன மாதம், ஒருதரம் வந்து போயேன் என்று நான் கேட்டபோது, "அங்கை வந்து என்னத்தைப் பாக்கிறது அக்கா, வருத்தமும் கரைச்சலும்தானே" என்றாய். ஒன்பது வருசம் ஊர்ப்பக்கம் வராதவன் சொல்கிற கதையா இது? பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் அவ காட்டமாட்டா.

நாளைக்கு மகள் நிசாந்தினியின் லப்டொப்பில், போன முறை எடுத்த படங்களின் மெமரி காட்டைப் போட்டு எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறேன். பிழை என்னில் இல்லை என்று இதே தாளில் எழுதி முடிக்கிறேன். அதுவரைக்கும் கடிதம் இப்படியே கிடக்கட்டும்.

29.01.2025, புதன்கிழமை.

பிழை என்னில்தான்.

நேற்று மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை பார்த்தேன். ஆயிரம் படத்துக்கு மேல் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. நோய்ப் படத்தில் நோய் இருந்தது, நல்ல பயிரின் படத்தில் நல்ல பயிர் இருந்தது. உனக்கு என்ன பேச்சுப் பேசலாம் என்று வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. கதிர் வந்த வயல்களின் படம் வரத் தொடங்கிக் கொஞ்ச நேரம் போக, "இதென்ன பிள்ளை, போன முறை நாங்கள் ஒருத்தரும் நெல்லு விளைவிக்கேல்லையே? ஒரு நல்ல கதிரும் இல்லை" என்று கேட்டா.

முதலில் இருந்து எண்ணினேன். கதிர் வந்த படங்கள் எண்ணூற்று எழுபது. எண்ணூற்று எழுபதும் நோய். நல்ல பயிர் என்று நான் பெயர் போட்டது எல்லாம் கதிர் வராத பச்சைப் பயிர்.

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. போன தையில் நான் போனைத் தூக்கிக்கொண்டு எந்த வரம்பில் ஏறினாலும், வயல்காரர் வந்து குறுக்கே நிற்பார். "அங்காலை வேண்டாம் தங்கச்சி, இஞ்சை வாங்கோ, இஞ்சைதான் வருத்தம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், நோய் பிடித்த மூலையைக் காட்டுவார். நாற்றுப் பருவத்தில் ஒருவரும் மறிக்கவில்லை. கதிர் தள்ளி நிற்கிற வயலைப் படம் எடுக்க விடமாட்டார்கள். கண்ணூறு பட்டால் நிறைந்த வயலும் சப்பியாகும் என்ற பயம். மீனம்மா அக்காகூட, "புள்ளத்தாச்சிய நிக்க வச்சு படம் புடிப்பாங்களாம்மா?" என்று என்னைத் துரத்திவிட்டா.

மற்றவர்களை ஏன் சொல்கிறேன்? போன முறை எங்கள் வயல் அப்படி விளைந்தது. நான் அதில் ஒரு படம் எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று யோசித்துக்கூட விடவில்லை, கை தானாகவே போனை இடுப்பில் செருகியது. நீ ஒவ்வொரு பருவத்திலும் நல்லதும் வேண்டும், நோயும் வேண்டும் என்று மூன்று தரம் எழுதியிருந்தாய். நல்லது என்றால் பச்சைப் பயிர்தானே, கணக்குச் சரி என்று நான் நிரப்பிவிட்டேன். பாவம் உன் மெசின். கதிர் என்றாலே நோய் என்று அது பழகிவிட்டது. நோயில்லாத கதிரை அது வாழ்நாளில் கண்டதில்லை.

இன்று விடிந்ததும் வயலுக்குப் போனைக் கொண்டு போனேன். பாலன் மறித்தார். இவ்வளவு நாள் காத்து வைத்ததை இனிக் கொண்டுபோய்க் காட்டப்போகிறாயா என்று கேட்டார். எனக்கும் பயம்தான், பொய் சொல்லவில்லை. பிறகு அவரே குசினிக்குள் போய்ச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து, போனை மூன்று தரம் சுற்றி, அவற்றை அடுப்பில் போட்டார். ஒரு நெடியும் அடிக்கவில்லை. அவ்வளவு கண்ணூறு அந்தப் போனில் இருந்ததாம். சிரிக்காதே, நீ அந்த நேரம் பக்கத்தில் நின்றிருந்தால் நீயும் பேசாமல்தான் நின்றிருப்பாய்.

அங்கிருந்து நேரே வீரகத்தி அண்ணை வீட்டுக்குப் போனேன். பிழை என் தம்பியில் இல்லை, நான் காட்டியதில்தான் என்று சொன்னேன். அவர், "நானும் உன்னை நல்ல பக்கத்துக்கு விடேல்லைத்தானே" என்றார். பிறகு யாரோ ஒட்டுக்கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "மேல் ரெண்டு ஏக்கரும் நல்லாத்தான் நிக்குது, போய் எடு" என்றார். அவருக்குக் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. போன ஏக்கரை நீயும் நானும் திருப்பிக் கொடுக்க முடியாது, அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அழிக்கச் சொல்லமாட்டாராம். அறுவடைவரை ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்வாராம். பிறகு, "அறுவடைக்கு முதல் அவனை வந்து என்ரை வயலிலை நிண்டு காட்டச் சொல்லு. நேரை நிண்டு காட்டினால் நம்புறன். இல்லையெண்டால் நானே எல்லாற்றை போனையும் வாங்கி அழிப்பன்" என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

இதோடு வைக்கிற மெமரி காட்டில் அறுநூற்றுப் பதின்மூன்று படங்கள் இருக்கின்றன. எங்கள் வயல், மீனம்மா அக்கா வயல், வீரகத்தி அண்ணையின் மேல் ஏக்கர்கள். எல்லாம் கதிர் வந்த நல்ல பயிர். மீனம்மா அக்கா தன் பக்கத்தை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றா.

தம்பி, நேற்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. உன்னைக் கோபித்து மேலே எழுதியிருக்கிறேன், கிழிக்கவில்லை, கிடக்கட்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒன்பது வருசமாய் நான் உனக்கு எழுதினதும் போனில் சொன்னதும் என்ன? வெள்ளம் வந்தது, மாடு செத்தது, கூரை ஒழுகுது, அம்மாவுக்கு முழங்கால், எனக்குப் பிரசர். நல்லது ஏதும் நடந்தால் வாயை மூடிக்கொண்டேன். கேட்டால், ஏதோ இருக்கிறோம் என்றேன். சொன்னால் போய்விடுமோ என்று பயந்தேன். ஊர் என்றால் வருத்தமும் கரைச்சலும் என்று நீ சொன்னபோது எனக்கு அப்படி நொந்தது. அதை உனக்குப் பழக்கினவள் நான்தான்.

ஆகவே இப்போது சொல்கிறேன். நிசாந்தினி சாதாரண தரப் பரீட்சையில் ஏதோ பாஸ் என்று சொன்னேனே, ஒன்பது பாடத்துக்கும் ஏ. கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறது. அம்மா பொல்லு ஊன்றாமல் வயல்வரை நடக்கிறா, போன ஐப்பசியில் இருந்தே. பாலன் குடியை விட்டு நாலு வருசமாகிறது, உனக்குச் சொல்லவேயில்லை. இந்த முறை நம் வயல், அப்பா இருந்த காலத்திலும் நான் இப்படிக் காணாத வயல்.

அறுவடை மாசிக் கடைசியில். அதற்கு முதல் வந்து நில். வீரகத்தி அண்ணைக்குக் காட்டவேண்டும், அது ஒரு காரணம். கடைசிப் படம் நெல் இல்லை, கவனித்துப் பார். அம்மா வரம்பில் நின்று சிரிக்கிறா. நான்தான் நிற்கச் சொன்னேன். படம் எடுக்கிறேன் என்றதும் அவ ஒன்றும் மறுக்கவில்லை, "செந்தூரனுக்கோ?" என்று மட்டும் கேட்டா.

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி. பிள்ளையார் உன்னைக் கண்படாமல் காக்கட்டும்.

உன் அக்கா,
இரஞ்சிதம்.

பின்குறிப்பு: மெமரி காட்டுக்கும் மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறேன். பயப்படாமல் பார்.