குப்பை என்று கழித்த செல்கள்

இன்று கூரியரில் ஓலைக் கொட்டான் வந்தது. பிரிக்கும் முன்பே கருப்பட்டி வாசம். பெருநாள் தவறாமல் உன் உம்மா ஏர்வாடியிலிருந்து எனக்குத் தொதல் அல்வா கிண்டி அனுப்பிவிடுகிறார். முதல் கொட்டானை நீதான் கையோடு கொண்டுவந்தாய், நான் சொன்ன நல்ல செய்திக்காக.

ரத்தப் புற்றுநோய்க்கு நீ பெங்களூரில் படுத்திருந்த சமயம். ஆராய்ச்சிக்கென்று எலும்பு மஜ்ஜை கொஞ்சம் கேட்டார்கள். அது நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குத்தான் போகிறது என்று தெரிந்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பியில் ஒட்டிய எண்ணைப் படம் பிடித்து அனுப்பினாய். "மாப்ள, நம்ம சரக்கு வருது. நல்லாப் பாரு!"

பார்த்தேன். மருந்தில் போட்ட உன் செல்கள் ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று அதனதன் மரபணுத் தரவைப் படிப்பது என் வேலை. சாகிற செல்கள் கணக்கைக் குழப்பும். அவற்றின் தரவில், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு கூடியிருக்கும். அது ஓர் அளவைத் தாண்டினால், செத்ததென்று கழித்துவிடுவோம். அந்த அளவை உன் செல்களைப் பார்த்து நான் முடிவு செய்யவில்லை. வேறு நோய்க்கு எழுதிய பழைய புரோகிராமிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். மிச்சத்தில் ஒரு புற்றுச் செல்கூட இல்லை.

ஆராய்ச்சி முடிவை நோயாளியிடம் சொல்லக்கூடாது. ஆனாலும் எல்லாம் செத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். கொஞ்சம் கழித்தேன் என்பதையும் சொன்னேன்.

"ஏலே, கழிச்சதுல ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் குப்பைடா" என்று சிரித்தேன்.

மாதாமாதம் வந்து காட்டும்படி டாக்டர் சொல்லியிருந்தார். "அவரு எல்லாருக்கும் சொல்றதச் சொல்றாரு. நீ என் செல்லையே பாத்துட்டுல்ல சொல்ற" என்று துபாய்க்கு டிக்கெட் போட்டுவிட்டாய். உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. வைத்தியம் படித்தவரை விட்டுவிட்டுக் கூடப் படித்தவனை நம்பினாயே, முட்டாள்!

ஒரு வருடத்தில் நோய் திரும்பி, உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உனக்கு மண் போட்டுவிட்டு வந்த வாரம், அந்தக் கோப்பைத் திறந்து அளவைத் தளர்த்தினேன். நான் தள்ளிய குப்பைக்குள் ஒரு கூட்டம் தனியாக நின்றது. மருந்தைத் தாங்கி, மைட்டோகாண்ட்ரியாவை முடுக்கிவிட்டுப் பிழைத்துக்கொண்ட புற்றுச் செல்கள்.

ஆய்வகத்தில் ஒப்புக்கொண்டேன். திருத்தினோம். அந்தக் கூட்டத்தை வைத்தே கட்டுரையும் வந்தது. கைதட்டினார்கள். இப்போதெல்லாம் எந்தத் தரவு வந்தாலும் முதலில் கழித்ததைத்தான் திறக்கிறேன். ஜூனியர்கள் எனக்குக் 'குப்பை அண்ணன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். உனக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

மதியம் உம்மா போன் செய்தார்.

"தம்பி, கொட்டான் வந்துச்சா? எல்லாஞ் செத்துருச்சுன்னு நீங்க சொன்ன அன்னைக்குத்தான் எம்புள்ள வயிறாரத் தின்னான். அந்த ஒரு வருசம் சிரிச்ச மொகமா இருந்தான்னா அது ஒங்களாலதான். அல்லா ஒங்கள நல்லா வைக்கட்டும்."

"சரிம்மா" என்றேன். கழித்த கதையை ஆய்வகம் முழுக்கச் சொன்னவன், அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

கொட்டானைப் பிரித்து ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். ஒவ்வொரு பெருநாளும் சொல்லாமல்தான் தின்கிறேன்.