படகுக்காக ஒரு வெட்டுத் தீர்மானம்

அன்பு வாண்டுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் இருமலும் சௌக்கியமாகவே இருக்கிறது. உன் தீவு மருத்துவமனை எப்படி என்று கேட்க ஆசைதான், நீதான் என் போனை எடுப்பதில்லையே. சுகாதாரத் துறையின் நிதியைக் குறைக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் நான் தீர்மானம் கொடுத்ததைச் செய்தியில் கேட்டுவிட்டு, பெற்ற தாயே வயிற்றில் அடித்துவிட்டாள் என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினாயாம். டாக்டரான பிறகும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம், அது என் வழிச் சொத்து, போகட்டும். பொறுமையாகப் படி. பட்ஜெட்டில் ஒரு துறைக்கு அரசு கேட்கும் பணத்தை நாங்கள் குறைக்கச் சொல்லலாம், மறுக்கலாம், கூட்டிக் கொடு என்று கேட்க மட்டும் முடியாது. உங்கள் துறையின் முறை வரட்டும் என்று காத்திருந்தாலோ, போன வருடம் போல நேரம் முடிந்தது என்று மிச்சத் துறைகளின் நிதியையெல்லாம் பேச்சே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடுவார்கள். குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்தவளுக்குப் பேச இடம் உண்டு. அதனால் ஒரு டீ வாங்கக்கூடப் போதாத தொகையைக் குறைக்கச் சொன்னேன்.

எழுந்து உன் ஓட்டைப் படகைப் பற்றித்தான் பேசினேன். பிரசவ வலியில் துடித்தவளை அதில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் நாடி பார்த்து மறு கையால் தண்ணீர் இறைத்த டாக்டரைப் பற்றிச் சொன்னேன். அந்த டாக்டர் என் மகள் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நீ அதில் ஏறும் ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அமைச்சர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன் புதுப் படகு வரும் என்று சபைக் குறிப்பில் ஏறும்படி உறுதி கொடுத்தார். உடனே தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அதற்குச் சபை முழுவதும் சம்மதிக்க வேண்டும், அங்கேதான் வந்தது வினை. நாங்கள் கும்பகர்ணன் என்று கூப்பிடும் எங்கள் கட்சி மூத்தவர் அப்போதுதான் கண் விழித்து, என்ன ஏது என்று கேட்காமல் கூடாது என்று முழங்கிவிட்டார். வாக்கெடுப்புக்குப் போயிற்று. எங்கள் எதிர்க்கட்சி வரிசை முழுவதும் வழக்கம்போல் ஆம் என்றது, நான் மட்டும் என் தீர்மானத்துக்கே இல்லை என்று கத்தினேன். தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. தீர்மானம் தோற்றது, இத்தனை சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை. கட்சியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், எனக்கா பேசத் தெரியாது.

படகு வரும்வரை லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதே. நோயாளிக்குக் கொடுத்துவிட்டேன் என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம், இரண்டாக வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் கை பட்ட உயிரெல்லாம் பிழைக்கட்டும், நீ நீடூழி வாழ வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போனை எடு.

இப்படிக்கு,
உன் வயிற்றில் அடித்த அம்மா