கண் நகராத மூன்று நிமிடம்

அன்பு மகள் நொயெலாவுக்கு அப்பா ரோசேர் சொல்லி எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. அரிசோனா வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடமே நேராகக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பது இந்த மாதம்தான் தெரிந்தது. பனி கரைந்து ஊரெல்லாம் சேறு. காகித ஆலையின் பெரிய புகைபோக்கியை இடித்துவிட்டார்கள், பெர்னடெட் அத்தைக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள், நன்றாக நடக்கிறாள், உன் அறைக் கூரை மேற்கு மூலையில் ஒழுகியது, புத்தக அலமாரியை உள்சுவர்ப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன், ஒன்றும் நனையவில்லை. கையெழுத்து யாருடையது என்று பார்ப்பாய். பள்ளிக்கூட நூலகத்து மிஸஸ் கிம்பல்தான் எழுதுகிறார். ஒரு வார்த்தையும் அழகுபடுத்தக் கூடாது, எனக்குச் சாதகமாக எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. இப்போது கண் மங்கிப்போய்ச் சொல்லவில்லை, என்றைக்குமே தெரியாது. வீட்டில் பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், வாய் தவறி ஒரு பிரெஞ்சு வார்த்தை வந்தால் மூலையில் நிற்க வைப்பார்கள், பாதி நாள் மூலையில் நின்றேன், எனக்கு ஒன்பது வயதில் அப்பா செத்ததும் உருளைக்கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டேன். ஆலையில் நாற்பத்தோரு வருஷம் காகிதம் செய்தேன், அதில் ஒரு எழுத்து தெரியாது. இந்த விஷயம் உன் அம்மா லொரெய்னுக்கு மட்டும் தெரியும். என் பெயரைக் கையெழுத்துப் போட அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். உன் பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் அவள் எழுதியது. யாராவது ஒரு தாளை நீட்டினால் கண்ணாடியை மறந்துட்டேன் என்பேன், அந்த ஒரு பொய்யை வைத்தே இவ்வளவு காலம் ஓட்டினேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றுமில்லை. நாலு வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை நீ.

இனி இங்கே நடந்த பள்ளி வாரியக் கூட்டத்தைப் பற்றி. நான் இளைஞர் நாவல் சேர்க்கிறவன் என்று ஊருக்கே தெரியும். நீ பதின்மூன்று வயதில் ஆரம்பித்ததை நான்தான் தொடர்ந்தேன். சனிக்கிழமை தோறும் வீட்டு வாசல் விற்பனை, சர்ச் சந்தை, நூலகம் கழித்துக் கட்டும் பெட்டி, எதையும் விடமாட்டேன். எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். புத்தக முதுகில் ஒட்டிய நூலகச் சீட்டில் கவட்டை மாதிரி ஒன்றும் பக்கத்தில் விரித்து வைத்த ஏணி மாதிரி ஒன்றும் இருந்தால் அது உன் வகை, அவை ஒய், ஏ என்ற இங்கிலீஷ் எழுத்துகளாம், இளைஞர் நாவலுக்கு அடையாளமாம். சீட்டு இல்லாவிட்டால் அட்டையைப் பார்ப்பேன். முகத்தைக் காட்டாமல் ஒரு பெண் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால் உன் வகை. ஆளே இல்லாமல் காலி நாற்காலியோ ஒற்றைச் செருப்போ கிடந்தால் கஷ்டமான கதை, அதைத்தான் நீ முதலில் எடுப்பாய். விற்கிறவர்களிடம் கஷ்டமான கதை ஏதாச்சும் இருக்கா, என் மகளுக்கு என்று கேட்பேன், சிரிப்பார்கள். இப்போது நானூற்றுப் பதினெட்டு இருக்கிறது. நீ ஊரை விட்டுப் போனபின் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பெட்டி கட்டி உனக்கு அனுப்பினேன். நாலாவது வருஷம் நீ போன் செய்து, இனிமே எனக்குப் புத்தகமே அனுப்பாதீங்கப்பா, உங்ககிட்ட கெஞ்சிக் கேக்கறேன் என்றாய். எனக்கு மனது விட்டுப்போயிற்று. இந்த எழவு புத்தகங்களைப் படிச்சுத்தான் அந்தப் புள்ள கெட்டுப்போய் ஊரை விட்டே போச்சுண்ணே என்று உன் சித்தப்பா லூசியன் இருபது வருஷமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தான். நானும் பாதி நம்பினேன். ஒரு கையால் வாங்கி அடுக்கினேன், மறு கையால் அவற்றையே வெறுத்தேன்.

பிப்ரவரியில் லூசியன், முடி வெட்டும் கடை வைத்திருக்கிற ட்ரூடி பார்லோவைக் கூட்டிக்கொண்டு வந்தான். பள்ளி நூலகத்திலிருந்து பதினோரு நாவல்களை எடுக்கச் சொல்லி மனு. அதில் முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். ட்ரூடி அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது என்ன கேள்வி, இந்த ஊர்ல உங்களை விட யாரு மிஸ்டர் வில்லெட் படிச்சிருக்கா, நாங்க சொன்னா படிக்காத கூட்டம்பாங்க, நானூறு புத்தகம் வச்சிருக்கற மனுஷரே வேண்டாம்னு சொன்னா எவன் வாயத் திறப்பான் என்று சொல்லிக்கொண்டே ஆமாம் என்ற கட்டத்தில் அவளே டிக் போட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் மார்ச்சில், உயர்நிலைப் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில். ஆளுக்கு மூன்று நிமிடம், மேசைமேல் விளக்குப் பெட்டி, பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். பேசுகிறவர்கள் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்துவிட்டு, இதைத்தான் நம்ம புள்ளைங்களுக்குக் குடுக்கறாங்க என்று முடிப்பார்கள், அதுதான் இப்போது எல்லா ஊரிலும் வழக்கமாம். எனக்கு அது முன்னாலேயே தெரிந்திருந்தால் போயிருக்கமாட்டேன். என் பெயரைக் கூப்பிட்டதும் ட்ரூடி ஒரு புத்தகத்தைத் திறந்து கையில் வைத்து, மஞ்சள் அடிச்ச இடத்த மட்டும் வாசிங்க போதும் என்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஏரிக்கரை, முதுகைக் காட்டி நிற்கிற பெண், ஈரத் தலைமுடி, பக்கத்தில் ஒற்றைச் சிவப்புச் செருப்பு. நீ என்றைக்கோ என் கையில் கொடுத்த அதே புத்தகம். கண்ணாடியை மறந்துட்டேன் என்றேன். உடனே முதல் வரிசையிலிருந்து லூசியன் எழுந்து, என் கண்ணாடிய போட்டுக்கண்ணே, நமக்கு ஒரே பவருதான் என்று தன் மூக்கிலிருந்து கழற்றி நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். போட்டுக்கொண்டேன். பச்சை எரிந்தது. நின்றேன். மஞ்சள் கோட்டுக்குள் கறுப்பு எறும்பு வரிசைபோல ஏதோ இருந்தது. வேர்த்துக் கொட்டியது, வாய் வரவில்லை. மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். சிவப்பு எரிந்ததும் பின்னாலிருந்து ஒரு பெண், பாவம் அந்தப் பெரியவரு வாயால சொல்லவே கூசுது பாருங்க என்றாள். யாரோ ஒருவன் கை தட்டினான், பிறகு கூடமே எழுந்து நின்று தட்டியது. வாரியத்தில் ஐந்துக்கு இரண்டு என்று ஓட்டு விழுந்து பதினோரு புத்தகமும் வெளியே போயிற்று. லூசியன் தோளில் தட்டி, பேசாமயே ஜெயிச்சுட்டண்ணே, நீ பெரிய ஆளு என்று சொல்லி எனக்குப் பழம் வைத்துச் சுட்ட பண்டம் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதையும் தின்றேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் மிஸஸ் கிம்பல் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மெதுவாக, மிஸ்டர் வில்லெட், நான் முப்பது வருஷமா பிள்ளைங்க படிக்கறதப் பாத்துட்டிருக்கேன், படிக்கறவங்க கண்ணு நகரும், உங்க கண்ணு நகரவே இல்ல என்றார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பார். ஒரு வாரம் கழித்து உன் அலமாரியிலிருந்து உன்னுடைய பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன், இதுல அப்படி என்னதான் இருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க என்றேன். நாலு மத்தியானம் வாசித்தார். மூன்றாம் நாள் நடுவில் நிறுத்திவிட்டார். பென்சில்ல எழுதியிருக்கு ரோசேர், உங்க மகளா என்று கேட்டார். வாசிங்க என்றேன்.

அந்தக் கதையில் வகுப்புக்கு வண்டியில் கூட்டிப்போகிற ஆள் அந்தப் பெண்ணை என்ன செய்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கதையில் வண்டி பச்சை, நீ அதை அடித்துவிட்டு வெள்ளை என்று எழுதியிருந்தாய். கதையில் பியானோ வகுப்பு, நீ அடித்துவிட்டு நீச்சல் என்று எழுதியிருந்தாய். அந்த ஆளின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் அடித்துவிட்டுச் சித்தப்பா என்று எழுதியிருந்தாய், ஒன்பது இடம், எண்ணிச் சொல்லச் சொன்னேன். பக்கத்தின் அடியில், அப்பா, என்னால வாயால சொல்ல முடியல, இதப் படிச்சதும் நீங்களே வந்து எங்கிட்ட பேசுங்க என்று எழுதியிருந்தாய்.

எனக்கு அந்த வாரம் முழுக்க ஞாபகம் இருக்கிறது நொயெலா, மறக்கத்தான் எனக்கு வராது. உன் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை, லூயிஸ்டன் ஆஸ்பத்திரியில் இருந்தாள், வீட்டில் எனக்கு வாசித்துச் சொல்ல ஆளில்லை. நான் பனி அள்ளும் எந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தேன். நீ நீல ஸ்வெட்டரில் வந்து புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டி, அப்பா இதப் படிங்க, அம்மா வர்றதுக்குள்ள படிச்சிடுங்க என்றாய். பதினாறு வயது உனக்கு. மூன்று நாள் வண்டி சீட்டுக்கடியில் வைத்திருந்தேன், ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் பார்க்கப் பக்கம் புரட்டினேன். நாலாம் நாள் காலை, முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன், படிச்சீங்களாப்பா என்றாய். படிச்சேம்மா, நல்லா இருந்துச்சு என்றேன். அவ்ளோதானா என்றாய். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, முடிவு ரொம்ப நல்லா இருந்துச்சு என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். வெளியே ஹாரன் அடித்தது. போம்மா, சித்தப்பா எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பான், நீச்சலுக்கு நேரமாச்சு என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய்.

இதைச் சொல்லும்போது மிஸஸ் கிம்பல் எழுதுவதை நிறுத்திவிட்டார், எழுதுங்க என்று சொல்லியிருக்கிறேன். இருபத்து மூன்று வருஷம் நீ என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பாய் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே அனுப்பினார் என்று நினைத்திருப்பாய். அதற்கு மேல் வருஷா வருஷம் அதே மாதிரிக் கதைகளாகப் பொறுக்கி உனக்கு அனுப்பினேன். அம்மா அடக்கத்தன்று நீ வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாய், லூசியன் கையை நீட்டினபோது பின்னால் நகர்ந்தாய், நான் அத்தனை பேர் முன்னால் உனக்கு மரியாதை தெரியாதா என்று கத்தினேன். முதல் நாள் உன்மேல்கூடக் கோபம் வந்தது, இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று. மறுநாள் அந்தக் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. படிக்கத் தெரியாதது குற்றமில்லை என்று மிஸஸ் கிம்பல் சொல்கிறார். படிச்சேன் என்று சொன்னது குற்றம்.

போன ஞாயிற்றுக்கிழமை லூசியன் வழக்கம்போலப் பீன்ஸும் பன்றித் தொடையும் சாப்பிட வந்தான். மிஸஸ் கிம்பல் அடையாளத்துக்கு நூல்கயிறு வைத்துக் கொடுத்த பக்கத்தைத் திறந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கண்ணாடிய காணோம், நீ கொஞ்சம் வாசி என்றேன். சிரித்துக்கொண்டே தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியை உரக்க வாசித்தான். நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்ந்தது, நகர்ந்தது, நின்றுவிட்டது. வாசி என்றேன். வாய் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று நிமிடத்துக்கு மேல் போயிற்று. பிறகு, சின்னப் புள்ளைங்க கதையப் படிச்சுட்டு எதையாச்சும் கிறுக்கும்ணே, இதுக்குத்தான் இந்தப் புத்தகமெல்லாம் வேண்டாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன் என்றான். எழுந்திரு, இனி இந்த வாசப்படி மிதிக்காத, நான் செத்தாலும் வராத என்றேன். போய்விட்டான். கண்ணாடியை மேசைமேலேயே விட்டுப் போயிருக்கிறான், இன்னும் கேட்டு வரவில்லை. அவனோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்ததை நினைத்தால் வாய் கசக்கிறது. போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது உன் முடிவு, மற்றவர் யாரும் அதை உனக்காக எடுக்கக் கூடாது என்று மிஸஸ் கிம்பல் சொல்கிறார். நீ போனால் நான் சாட்சி சொல்வேன். போகாவிட்டாலும் காரணம் கேட்கமாட்டேன். உன் புத்தகம் மாவு டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது, தபாலை நம்பி அனுப்பவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டம். மூன்று நிமிடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உன் கதையை அங்கே சொல்லமாட்டேன், அது உன்னுடையது. எனக்குப் படிக்கத் தெரியாது, அன்றைக்கு நீங்கள் கை தட்டினது கூச்சத்துக்கல்ல, ஒரு முட்டாளுக்கு, அந்த மனுவில் இருக்கிற பதில் பொய் என்று மட்டும் சொல்வேன். அவர்கள் புத்தகங்களைத் திருப்பி வைப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எந்த வீட்டிலாவது ஒரு பெண் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல அந்தப் புத்தகத்தைத் தேடிப் போவாள், அலமாரியில் அது இருக்காது, அதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர் வெயிலில் தண்ணீர் நிறையக் குடி, வண்டி டயரில் காற்று பார்க்காமல் தூரம் போகாதே. மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் ஏதாவது மதிப்பு இருந்தால் அதுவும் உனக்கே. பதில் எழுத வேண்டும் என்று இல்லை. கீழே இருக்கிற கையெழுத்து மட்டும் என் கையால் போட்டது, எனக்கு எழுதத் தெரிந்தது இவ்வளவுதான், அந்த மனுவின் அடியில் இருப்பதும் இதுதான். நீ மறுபடி எதையும் சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம் அம்மா. நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய். எனக்கு இப்போதுதான் கேட்டது.

உன் அப்பா,
ரோசேர் வில்லெட்