ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை

ஜனவரி 16, செவ்வாய்
பள்ளிக்கூடச் சமையலறையில் இன்றும் வேலைக்கிடையில் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். நாற்பத்திரண்டு வயதில் மாதம் தள்ளிப்போனால், இனி நிற்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். டொக்டர் ஸ்கான் திரையைத் திருப்பிக் காட்டினா. சின்னத் துடிப்பு. ஏழு கிழமையாம்.

"வாழ்த்துகள்" என்றா. மகள் சாரங்காவோடு போதும் என்று இருவரும் முடிவெடுத்து, இளங்கீரன் கருத்தடை ஒப்பரேசன் செய்துகொண்டவர். அது நடந்து ஒன்பது வருடம்.

ஜனவரி 17
சொன்னேன். அவர் கத்தவில்லை. டிவியை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார்: "ஆர்?"

பத்தொன்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிசன்.

"நீங்கள்தான். வேற ஆர்?"

"எனக்கு ஏலாதெண்டு உமக்குத் தெரியுந்தானே."

வெட்டின குழாய் அரிதாக ஒருவருக்குத் திரும்ப ஒட்டுமாம், டொக்டர் சொன்னவ, ஒருக்கா உங்களைச் சோதிச்சுப் பாருங்கோ என்றேன். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

ஜனவரி 29
என்னோடு பேச்சில்லை. "அம்மா, எத்தனை மணிக்கு வேலை முடியுமெண்டு அப்பா கேக்கச் சொன்னவர்" என்று சாரங்கா வந்து நிற்கிறாள். முன்பு அவர் கேட்டதேயில்லை. ரயில் பத்து நிமிடம் பிந்தினாலும், வீட்டில் என்ன சொல்வது என்று வழிநெடுக மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். பிழை செய்யாதவள் ஏன் இதைச் செய்கிறாள்?

பெப்ரவரி 9
கலைப்பதற்கு இங்கே கட்டாயமான ஆலோசனைக்குப் போய், அதற்கான துண்டை வாங்கிவிட்டேன். கலைப்பதென்றால் இன்னும் நாள் இருக்கிறது.

கலைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி. வைத்திருந்தால் வயிறு பெருக்கும், அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஹம்பேர்க்கில் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நான் எங்க போறது? ஆரிட்டச் சொல்லுறது? அவற்ற அக்காவிட்டயோ?

பெப்ரவரி 20
கலைக்கப் போகவில்லை. இது என் பிள்ளை. அது மட்டும் நிச்சயம்.

மார்ச் 20
சாப்பாட்டு மேசையில் சாரங்கா வெடித்துவிட்டாள்.

"அப்பா, உங்களைச் சோதிக்க டொக்டரிட்ட டேர்மின் எடுத்திருக்கிறன், நாளைக்குப் பத்து மணிக்கு. நானும் வாறன். வெட்கமெண்டால் நான் வெளியில நிக்கிறன். ஆனா அம்மாவை இப்பிடி வைச்சிருக்க உங்களுக்கு வெட்கமில்லையோ?"

பதினேழு வயதுப் பிள்ளை. நான் கேட்டிருக்க வேண்டியது.

ஏப்ரல் 5
முடிவு வந்தது. குழாய் ஒட்டித்தான் இருக்கிறது.

கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதார். "மன்னிச்சுக்கொள்ளும், மலர். என்னிலதான் பிழை."

தலையைத் தடவ மனம் வந்தது. கை வரவில்லை. நான் சொன்னதுதானே அதில எழுதிக் கிடக்கு? டொக்டர் எழுதினால் உண்மை, என்ர வாயால வந்தால் பொய்யோ?

செப்டெம்பர் 4
பெண். மூன்று கிலோ நூறு கிராம். தொப்புள்கொடியை அவர்தான் வெட்டினார்.

ஒக்டோபர் 27, ஞாயிறு
பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அப்பிடியே தகப்பன்" என்கிறார்கள். ஒவ்வொரு தரமும் இளங்கீரன் சிரித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். தேத்தண்ணி போட்டுத் தருகிறார், பிள்ளையைக் குளிக்கவார்க்கிறார். குறை சொல்ல ஏலாது. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நானாக ஒன்றும் சொல்வதில்லை.

பின்னேரம் உடுப்பு மாற்றும்போது, பிள்ளை என் முகத்தைப் பார்த்து முதல்தரமாகச் சிரித்தாள். வாய் நிறைய. அவர் பக்கத்தில், குசினியில்தான், போத்தல் கழுவிக்கொண்டு நின்றார்.

கூப்பிடவில்லை.