கேட்டதில் பாதி

மார்ச் 3, செவ்வாய்

எலும்பு முறிவு வார்டு சிஸ்டர் இன்று எண்பது விரிப்பு கேட்டு எழுதியிருந்தார். அங்கே இருப்பதோ நாற்பது கட்டில். நோயாளிகள் ஆளுக்கு ஒன்றில் படுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடியாக ஏற்றப்போகிறார்களோ? நாற்பது அனுப்பினேன். கேட்டதில் பாதி! இந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவை ஆளும் சக்கரவர்த்தியாகிய நான் இயற்றிய சட்டம் அது. போன மாதம் அறுபது கேட்டார், முப்பது கொடுத்தேன். அதனால்தான் இந்த மாதம் எண்பது. திமிர்!

இந்தக் கட்டடத்தில் இருக்கும் விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்தால் சூரியனுக்கே போர்வை போடலாம். ஆனாலும் அலமாரி காலி. துணி இல்லாமல் நேற்று ஓர் அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. சூப்பிரண்டு கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சலவையை வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவேன்" என்றார். துணி மடிக்கும் பெண்கள், இஸ்திரி அண்ணன், நான், எல்லாரும் வீட்டுக்கு.

அதற்கு முன், வேலை முறையை மாற்றித் தர ஒரு மாற்ற வல்லுநரை வரவழைக்கிறாராம். இது நான் பார்க்கும் நாலாவது வல்லுநர். முதல் ஆள் எங்களுக்குக் கலர் தொப்பி மாட்டினான். இரண்டாமவன் கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொன்னான், பக்கத்தில் இருப்பவர் பிடிப்பாராம். இஸ்திரி அண்ணன் சாய்ந்த சாய்வில் கணக்குப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்து, எலும்பு வார்டிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. மூன்றாமவன் சுவரில் "மாற்றம்" என்று எழுதிவிட்டுப் போனான். பாய்லர் புகை பட்டு இப்போது "மாற்" மட்டும் மிச்சம்.

மார்ச் 5, வியாழன்

வல்லுநர் வந்தாயிற்று. என் அக்கா மகள்! டிரவுசர் போட்ட காலத்தில் என் செருப்பைக் கிணற்றில் போட்ட அதே மகராசி.

"மாமா, ஆபீஸ்ல என்னை மேடம்னு கூப்பிடணும்."

"உன் மூக்கைத் துடைச்சுவிட்டவன் நான். மேடமாம் மேடம்!"

"அப்ப மேடம் மூக்கைத் துடைச்சுவிட்டவர்னு கர்வமா இருங்க."

வாய் மட்டும் அப்படியே அக்கா.

இடையில் ஒரு சாதனை. அக்கா வீட்டுக்குப் போக நாலு நாள் விடுப்பு கேட்டிருந்தேன். சூப்பிரண்டு வழக்கம்போல் பாதியாக வெட்டி இரண்டு கொடுத்தார். எனக்கு வேண்டியதே இரண்டுதான்! அவர் நெற்றியில் முட்டாள் என்று எழுதி ஒட்டாத குறை.

மார்ச் 6, வெள்ளி

பலகை நிறைய வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் அம்புகள். போர்க்களத்தில்கூட இத்தனை அம்பு பறந்திருக்காது. இன்று முதல் அவள் பெயர் அம்புக்காரி.

"ஆளைக் குறை சொல்லாம, ஒண்ணு இன்னொண்ணை எப்படித் தள்ளுதுன்னு பாக்கணும் மாமா" என்றாள். ஆஹா! மாடு வண்டியை இழுக்கிறது, வண்டி மாட்டைத் தள்ளுகிறது. இதைச் சொல்ல ஒரு பட்டம்.

"சிஸ்டர் ஏன் ரெட்டிப்பாக் கேக்குறாங்க?"

"பேராசை. வேறென்ன?"

தலையாட்டினாள். நேராக எலும்பு வார்டுக்குப் போய்விட்டாள். கோள்சொல்லி.

மார்ச் 9, திங்கள்

மானம் கப்பலேறியது. சிஸ்டரையே என் அறைக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க பாதிதான் தருவீங்கன்னு தெரிஞ்சுதான் நான் ரெட்டிப்பா எழுதுறேன்."

"நீங்க ரெட்டிப்பா எழுதுவீங்கன்னு தெரிஞ்சுதானேம்மா நான் பாதி தரேன்?"

"திடீர்னு நீங்க ஒருநாள் கால்வாசிதான் தந்தா? அதுக்காகக் கொஞ்சம் பதுக்கியும் வைப்பேன். தப்பா?"

"நீங்க பதுக்கினா என் அலமாரி காலியாகும். அலமாரி காலியானா நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்!"

கால் மணி நேரம் கத்தினோம். அம்புக்காரி தன் பாட்டுக்கு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். நாங்கள் ஓய்ந்ததும் பலகையில் இரண்டே வட்டம் போட்டாள். ஒன்றில் சிஸ்டர், ஒன்றில் நான். இங்கிருந்து அங்கே ஓர் அம்பு, அங்கிருந்து இங்கே ஓர் அம்பு.

செக்குமாட்டையாவது யாரோ கட்டிவைக்கிறார்கள். எங்களை? — சீ, என்ன எழுதுகிறேன் நான்.

மார்ச் 10, செவ்வாய்

திட்டம் வெளியாகிவிட்டது. வரும் திங்கள் முதல், யார் எத்தனை கேட்டாலும் அத்தனையும் கொடுக்க வேண்டுமாம். "எதற்கு" என்றுகூடக் கேட்கக் கூடாதாம். நான் சிரித்த சிரிப்பில் பாய்லரின் ஆவி அடங்கிவிட்டது. நாய்க்குட்டியிடம் செருப்புக்கடையை ஒப்படைக்கிறாள்.

"முதல்ல மோசமாகும் மாமா, அப்புறம்தான் சரியாகும்" என்கிறாள். எல்லா வல்லுநரும் சொல்வதில் முதல் பாதி சரியாகத்தான் இருக்கிறது.

நல்லவேளை, என் கருவூலம் அவளுக்குத் தெரியாது. பாய்லருக்குப் பின்னால் ஓர் அறை. உள்ளே கூரை வரை புது விரிப்புகள். பிரளயத்துக்காக வைத்திருக்கிறேன். சாவி என் கழுத்தில். இஸ்திரி அண்ணனுக்கு மட்டும் தெரியும், அவர் வாயைத் திறந்து பல வருடம் ஆகிறது. இதைப் பதுக்கல் என்று சொல்லக் கூடாது. பதுக்குவது சிஸ்டர்கள். நான் வைத்திருப்பது கையிருப்பு.

மார்ச் 16, திங்கள்

மதியத்துக்குள் அலமாரி துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. கண் வார்டு கேட்ட விரிப்பில் கண்ணை மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை மூடலாம். எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள், நாளைக்கே சக்கரவர்த்தி மனம் மாறிவிடுவான் என்ற பயத்தில். நான் ஏதாவது சொன்னேனா? இல்லை. புன்னகைத்தபடி நின்றேன். அம்புக்காரி பக்கம் பார்த்துப் புன்னகைத்தேன்.

மார்ச் 18, புதன்

இன்னும் மோசம். அறுவை அரங்கிலிருந்து போன் மேல் போன். நாளை மறுநாள் ஒரு பெரிய சிகிச்சை, துணி இல்லையென்றால் தள்ளிப்போகும். சூப்பிரண்டு வெளிக் கம்பெனி ஆளையே கூட்டிவந்து பாய்லரைச் சுற்றிக் காட்டினார். அந்த ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான்! இன்னும் நான் செத்துப்போகவில்லையடா.

அம்புக்காரி என் அறையில் வந்து உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவங்க இன்னும் உங்களை நம்பல மாமா. நாளைக்கும் கிடைக்கும்னு நம்பிட்டா எடுக்குறத நிறுத்திருவாங்க. அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அலமாரி காலியாகக் கூடாது."

"துணி என்ன மரத்துலயா காய்க்குது?"

என் கழுத்தைப் பார்த்தாளோ? சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

சாவி கனக்கிறது. விரல் நீளச் சாவி, மலையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல்.

மார்ச் 20, வெள்ளி

திறந்துவிட்டேன்.

அவள் சொன்ன தத்துவத்துக்காக அல்ல. எவனோ என் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தானே, அதற்காக. மடிக்கும் பெண்களில் ஒருத்தி இரண்டு நாளாக வேறு வேலை விசாரித்துக்கொண்டிருக்கிறாளே, அதற்காக. பிரளயம் பிரளயம் என்று காத்திருந்தேன். அது இப்படித் துணியைக் கேட்டுக்கொண்டு வரும் என்று யார் கண்டது?

டிராலியில் ஏற்றும்போது, பல வருடம் பேசாத இஸ்திரி அண்ணன் வாய் திறந்தார். "உடம்பு சரியில்லையா?"

முதல் டிராலியை அறுவை அரங்குக்கு அனுப்பினேன். மற்றதை அலமாரியில் அடுக்கினேன், வெளியே தெரியும்படி. அம்புக்காரி பார்த்துவிட்டாள்.

"எங்கேர்ந்து மாமா?"

"வானத்திலேர்ந்து."

"எத்தனை நாளைக்குப் பெய்யும்?"

"நாலு நாள் தாங்கும். அப்புறம் உன் வட்டத்தையும் அம்பையும்தான் விரிச்சுப் படுக்கணும்."

மார்ச் 24, செவ்வாய்

என்ன நடக்கிறது இங்கே?

காலையில் எலும்பு வார்டு சிஸ்டர் ஒரு வண்டி நிறைய விரிப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மாவுக்கட்டு அறையில் வைத்திருந்தாராம்.

"வைக்க இடமில்ல அண்ணே. கட்டு போட வர்றவங்க துணிக்குவியல்ல தடுக்கி விழுந்து இன்னொரு காலையும் ஒடச்சுக்குறாங்க. அதான் தினம் தர்றீங்களே, அப்புறம் நான் எலிக்கா சேர்த்து வைக்கணும்?"

மதியம் கண் வார்டு. பிறகு குழந்தைகள் வார்டு. பழுதான லிஃப்டைத் திறந்தால் உள்ளே கூரை வரை துணி. அது பழுதானதே இந்தப் பாரத்தில்தான் என்று சத்தியம் செய்வேன். மாலைக்குள் என் அலமாரி பிதுங்கியது. பொறாமையாக இருந்தது. இத்தனை கருவூலங்களா! நான் ஒருவன்தான் சக்கரவர்த்தி என்று நினைத்திருந்தேன். தடுக்கி விழுந்த இடமெல்லாம் சிற்றரசர்கள்.

மார்ச் 31, செவ்வாய்

வெளிக் கம்பெனி இல்லை என்று அறிவிப்பு. சூப்பிரண்டு மைக் பிடித்து, இந்த மாற்றம் தன் மனத்தில் எப்போதோ உதித்துவிட்டது என்றார். உதித்ததாம்! அந்த மனத்தில் சூரியனே உதிக்காது. சுவரில் "மாற்"றைப் பூசி அழித்து மறுபடி "மாற்றம்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார். பாய்லர் பார்த்துக்கொள்ளும்.

அம்புக்காரி கிளம்பினாள். வாசல் வரை போனேன்.

"மாமா, அந்தக் கடைசி நாலு நாள் உங்களை நம்பித்தான் திட்டமே போட்டேன்."

"என்னையா? உனக்கு அந்த ரூம் எப்படித் தெரியும்?"

"ரூம் தெரியாது. அம்மா சொன்னாங்க, 'அவன் சின்ன வயசுல மிட்டாயைப் பாதி தின்னுட்டு மீதியத் தலகாணி உறையில ஒளிப்பான். எங்கயாவது ஒளிச்சு வெச்சிருப்பான், பாரு'ன்னு."

"ஏன் நேரா வந்து கேக்கல?"

"கேட்டா பாதிதானே தருவீங்க?"

போய்விட்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

எலும்பு வார்டு முப்பத்தெட்டு கேட்டது. கை பழக்கத்தில் பத்தொன்பதில் நின்றது. அடித்து உதைத்து அதை முப்பத்தெட்டு வரை எண்ணவைத்தேன். பாய்லர் அறைக்குப் பின்னால் இப்போது மடிக்கும் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கதவுக்குப் பூட்டில்லை.

அக்கா கூப்பிட்டாள். "என்னடா, என் மகள் உன்னைக் கவுத்துட்டாளாமே? வந்து சொல்லு." விடுப்புக்கு எழுதினேன். நாலு நாள் என்று எழுதி, அடித்துவிட்டு, இரண்டு என்று எழுதினேன்.

சூப்பிரண்டு ஒரு நாள் கொடுத்தார்.

ஏப்ரல் 15, புதன்

அதே விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் வரைந்தேன். ஒன்றில் நான், ஒன்றில் அவர். இங்கிருந்து அங்கே ஓர் அம்பு, அங்கிருந்து இங்கே ஓர் அம்பு. மடித்து, அவர் மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டு வந்தேன்.